ஒத்து ஊதினவன் நடத்துற வகுப்பு

வா பாப்பா, உக்காரு. புத்தகத்தைத் திண்ணையில அந்தப் பக்கமா வை, வெத்தலைச் செல்லத்துக்கிட்ட வேணாம், சுண்ணாம்பு ஒட்டிக்கும். நாளன்னிக்கு உனக்குச் சங்கீதத் தியரி பரீட்சையாமே, உங்க அம்மா சொன்னா. ராத்திரி பூரா மாடியில நடந்துக்கிட்டே 'சுருதி எனப்படுவது யாதெனில், சுருதி எனப்படுவது யாதெனில்'னு நீ முணங்கினதைக் கேட்டுக் கேட்டு, எதிர்வீட்டு நாய்க்கே சுருதி சேர்ந்துடுச்சு. உனக்குத்தான் இன்னும் சேரலை.

என்கிட்ட சந்தேகம் கேக்க வந்திருக்கியே, என் யோக்கியதை தெரியுமா உனக்கு? நான் மேளத்துல ஒத்து ஊதினவன். ஒத்துன்னா நாயனம் மாதிரியே நீளமா இருக்கும், ஆனா விரல் வைக்கத் துளை கிடையாது. ஊதினா ஒரே சுரம்தான் வரும். 35 வருஷம் நான் அந்த ஒரே சுரத்தைத்தான் ஊதினேன். நாயனக்காரர் தோடி வாசிச்சாலும் நான் ச. கல்யாணி வாசிச்சாலும் ச. மாப்பிள்ளை தாலியைத் தூக்கினதும் கெட்டிமேளம் கொட்டுவாங்களே, அப்பவும் ச. மூச்சு விடக்கூடாது. கன்னத்துல காத்தை அடைச்சு வச்சு அதை ஊதிக்கிட்டிருக்கும்போதே மூக்கால புதுக் காத்தை இழுத்துக்கணும். பாதியில விட்டா நாயனக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதிலா அடிச்சிருந்தாக்கூடத் தேவலை.

அப்பேர்ப்பட்ட உத்தியோகத்தை ஊர்ல என்ன பண்ணி வச்சிருக்காங்க பாரு. முதலாளி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவனை 'ஒத்து ஊதுறான்'ங்கிறாங்க. தலைவர் பின்னாடி நின்னு கை தட்டுறவனை 'ஜால்ரா'ங்கிறாங்க. ஒருத்தன் சொன்னதையே சொல்றவனுக்கு 'பின்பாட்டு', வேலைக்கு வராம இழுத்தடிக்கிறவனுக்கு 'ராகம் போடாதே', விஷயத்துக்கு வராதவனுக்கு 'ஆலாபனை பண்ணாதே', பழைய கடனையே கேட்டுக்கிட்டிருந்தா 'பல்லவி'. உன் பாடப்புத்தகத்துல இருக்கிற கலைச்சொல் பாதி நம்ம ஊர் வசவுல இருக்கு பாப்பா. காளமேகப் புலவர் வந்து மண்மாரி பெய்யச் சாபம் விட்டதா கதை சொல்ற திருமலைராயன்பட்டினம் இங்கேருந்து கூப்பிடு தூரம். வசவுக்கு நமக்கா பஞ்சம்? அதனால நீ புத்தகத்தை மூடிட்டு வசவை மனப்பாடம் பண்ணு, பாஸ் ஆயிடுவே.

சிரிக்காதே. சுருதியையே எடுத்துக்க. வாஞ்சூர்ல பஸ்ஸை விட்டு இறங்கி, எல்லையைத் தாண்டி நம்ம காரைக்கால் பக்கம் வேகமா நடக்குறான் பாரு வெளியூர்க்காரன், அவனைக் கேளு. 'சும்மா லேசா சுதி ஏத்திக்கத்தான்'ம்பான். அவன் சொல்றது இலக்கண சுத்தம். சுதி ஏத்துறதுன்னா ஆதாரமா வச்சிருக்கிற சுரத்தோட உயரத்தைக் கூட்டுறது. என்ன ஒண்ணு, வாத்தியத்துல ஏத்தின சுதி ஏத்தின இடத்துல நிக்கும். இவன் திரும்பி பஸ் ஏற வரும்போது எந்த சுதியிலயும் நிக்க மாட்டான்.

அந்த ஆதார சுரம்தான் ச. அது எங்கே இருக்குன்னு பரீட்சையில கேட்டா, எங்கேயும் இல்லைன்னு எழுது. மார்க் போடமாட்டாங்க, ஆனாலும் நிஜம் அதுதான். பாடுறவ எந்த உயரத்துல வசதியா நிக்கிறாளோ அங்கே ச. உனக்கு அஞ்சு கட்டை, உங்க அப்பனுக்கு ஒண்ணரைக் கட்டை. (அவன் குளிக்கும்போது பாடுறதுக்குக் கட்டையே கிடையாது, வெறும் தொட்டிதான்.) இந்தக் கட்டைங்கிற கணக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ஆர்மோனியப் பெட்டியில வெள்ளைக் கட்டை வரிசையா இருக்குல்ல, அதுல முதக் கட்டையை ச-ன்னு வச்சா ஒரு கட்டை, ரெண்டாவதை வச்சா ரெண்டு கட்டை. நடுவுல இருக்கிற கறுப்புக் கட்டைக்கு அரை. அந்தப் பெட்டியை 1840கள்ல பாரிஸ்ல தெபேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பண்ணினார். நம்மளை ஆண்டவங்க ஊர்ச் சரக்கு அது.

பிரெஞ்சுக்காரன்னதும் ஞாபகம் வருது. நான் சின்னப் பயலா இருக்கும்போது எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட வந்தவரை அப்படித்தானே இங்கே கூப்பிடுவோம். சாயங்காலமானா அவர் 'தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி'ன்னு நீட்டுவார். நாங்க பசங்க பின்னாடியே போய் 'தோ வர்றேன், தோ வர்றேன்'னு கத்துவோம். இத்தாலியில 11ஆம் நூற்றாண்டுல கீதோன்னு ஒரு கிறிஸ்தவத் துறவி இருந்தாராம். பசங்களுக்குப் பாட்டு ஏறலைன்னு ஒரு லத்தீன் துதிப் பாட்டோட ஒவ்வொரு அடியிலயும் முத அசையைக் கிள்ளி எடுத்து சுரத்துக்குப் பேர் வச்சார். உன் வயசுப் பசங்க எல்லா நாட்டுலயும் எல்லாக் காலத்துலயும் வாத்தியாரை இந்தப் பாடுதான் படுத்தியிருக்கீங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, இதைப் புத்தகத்துல கோடு போட்டு வச்சுக்க. சொல்தா தாத்தாவோட 'தோ' சுவத்துல அடிச்ச ஆணி, வச்ச இடத்துலயே நிக்கும். நம்ம ச வாடகை சைக்கிள். எவன் ஏறி உக்கார்றானோ அவன் உயரத்துக்கு சீட்டை ஏத்தி எறக்கிக்கலாம். 1954 நவம்பர் 1ல கொடி மாறிச்சு. தாத்தாவோட 'தோ' மட்டும் இருந்த எடத்துலயே இருந்துச்சு.

சரி, ச எங்கேன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தூரக் கணக்குதான். ஒரு தந்தியை மீட்டு. அதைச் சரிபாதியில அழுத்தி மீட்டினா மேல் ச வரும். மூணுல ரெண்டு பங்கு மட்டும் ஒலிக்கிற மாதிரி அழுத்தினா ப வரும். இந்த ரெண்டையும் எவனும் நகர்த்த முடியாது. மத்த அஞ்சும் ஏறி எறங்கும். பழைய தமிழ்ல ஏழுக்கும் பேர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல்ங்கிறது ச-வா ம-வான்னு படிச்சவங்க கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்காங்க. நீ ச-ன்னே எழுது, திருத்துறவருக்கு வேலை மிச்சம்.

இந்தப் பேரையெல்லாம் சிலப்பதிகாரத்துல போய்த் தேட வேணாம். மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழம் பொறுக்க எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போனியே, அந்த அம்மா சொல்லியிருக்கு. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுல பாடின மூத்த திருப்பதிகம் ரெண்டு. அதுல ஒரு பாட்டுல சுடுகாட்டு ஆட்டத்துக்குச் சுரத்தோட பேரெல்லாம் வரிசையா வரும். தொடர்ந்து கொக்கரை, தக்கை, மொந்தை, குடமுழா, தமருகம், வீணைன்னு ஒரு டஜன் வாத்தியம் வரும். உன் புத்தகத்துல மூணு அத்தியாயம் ஓடுற சரக்கை, நாலு அடியில முடிச்சுட்டுப் போயிருக்கு நம்ம ஊர்ப் பொண்ணு. மாம்பழம் வாங்கின எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தப் பாட்டுல ஒரு வேடிக்கை உண்டு. துத்தம் இருக்கு, கைக்கிளை இருக்கு, விளரி, தாரம், உழை, இளி எல்லாம் இருக்கு. குரல்ங்கிற பேரை மட்டும் காணோம். அந்த எடத்துல 'ஓசை'ன்னு ஒரு சொல்தான் நிக்குது. அதுதான் குரல்னு நான் எடுத்துக்கிட்டேன். வாத்தியார் ஒத்துக்கலைன்னா போகட்டும். கல்யாணப் பத்திரிகையில நாயனக்காரர் பேர் போடுவாங்க, தவில்காரர் பேர் போடுவாங்க. ஒத்து ஊதுறவனுக்குப் பேர் போட்ட பத்திரிகையை நான் பார்த்ததில்லை. அம்மையார் காலத்துலேருந்தே நிலவரம் அதுதான் போலிருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

இன்னொண்ணு. உனக்கு முத நாள் பாட்டு வாத்தியார் சொல்லிக் குடுத்தது என்ன ராகம்? மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வச்ச ஏற்பாடு அது, 15ஆவது மேளம். ச-வுலேருந்து ம வரைக்கும் எப்படித் தாண்டுறியோ அதே மாதிரிதான் ப-வுலேருந்து மேல் ச வரைக்கும் தாண்டணும். ஒரு பக்கம் தெரிஞ்சா மறுபக்கம் தன்னால வரும், அதனாலதான் சின்னப் பிள்ளைங்களுக்கு. அம்மையாரோட ரெண்டு பதிகத்துல ஒண்ணுக்குப் பண் நட்டபாடை, இன்னொண்ணுக்கு இந்தளம். இந்தளத்தை இப்ப ஓதுவாருங்க எந்த ராகத்துல பாடுறாங்க தெரியுமா? உன் மாயாமாளவகௌளைதான். முத வகுப்புல கொட்டாவி விட்டுக்கிட்டே பாடினியே, அதேதான்.

72 மேளகர்த்தாவை மனப்பாடம் பண்றியாக்கும்? எதுக்கு? கணக்குப் போடு. ச-வும் ப-வும் அசையாது. ரி-யும் க-வும் சேர்ந்து ஆறு விதம். த-வும் நி-யும் சேர்ந்து ஆறு விதம். ஆறாறு 36. ம ரெண்டு விதம், ஆக 72. தஞ்சாவூர்ல நாயக்கர் காலத்துல வேங்கடமகின்னு ஒருத்தர் போட்ட கணக்கு. அவர் காலத்துல புழக்கத்துல இருந்தது அதுல 19 மேளம்தான். மீதி எல்லாம் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே போட்டு வச்ச இலை. பின்னாடி வந்தவங்க ஒவ்வொரு இலையா உக்காந்து சாப்பிட்டாங்க. கணக்குப் பரீட்சையில 32 வாங்கினவளாச்சே, உனக்கு இது எப்படிப் புரியும்னு கேக்க மாட்டேன். கேக்கலை.

இப்ப எழுந்திரு. அங்கே கோபுரம் தெரியுதா? நீ தினமும் சைக்கிள்ல மணி அடிச்சுக்கிட்டுத் தாண்டிப் போற கோயில். சாமி பேர் என்ன? யாழ்மூரிநாதர். பேருக்கு அர்த்தம் கேட்டிருக்கியா? சங்கீதத் தியரியில இருக்கிற பெரிய சிக்கல் ஒண்ணு இந்தக் கோயில் வாசல்லதான் நடந்துச்சு. ஆதீனம் இருக்கிற மாயவரத்துத் தருமபுரம் வேற, இது நம்ம திருத்தருமபுரம். குழப்பிக்காதே.

பெரியபுராணத்துல இருக்கிற கதை. திருஞானசம்பந்தர் ஊர் ஊரா போய்ப் பதிகம் பாடுறார். கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணர், அந்தப் பாட்டையெல்லாம் யாழ்ல வாசிச்சுக்கிட்டு வர்றார். இந்தத் தருமபுரம் பாணருக்கு அம்மா பொறந்த ஊர். தாய்மாமன் ஊர்னா சும்மா இருப்பாங்களா? சொந்தக்காரன் எல்லாம் கூடிக்கிட்டான். 'அந்தப் பிள்ளை பாட்டுக்கு இவ்வளவு பேர் வந்ததே நம்ம ஆளு யாழ்ல வாசிக்கிறதாலதான்'னு ஆரம்பிச்சான். எல்லாக் கல்யாண வீட்டுலயும் பந்திக்கு அப்புறம் ஒருத்தன் இதைப் பேசுவான், நான் நேர்ல கேட்டிருக்கேன். பாணருக்கு அவமானமாப் போச்சு. நல்ல மனுஷன். சம்பந்தர் காலுல விழுந்து, 'யாழ்ல அடங்காத பாட்டு ஒண்ணு பாடுங்க, இவங்களுக்குத் தெரியட்டும்'னு கேட்டார். பிள்ளை பாடிச்சு. முதல் திருமுறையில 136ஆவதா, கடைசியில இருக்கே, அந்தப் பதிகம். பாணர் வாசிச்சுப் பார்த்தார். யாழ் வரலை. மறுபடி பார்த்தார். வரலை. 'இதைக் கையில தொட்டதாலதானே இந்தப் பேச்சு'ன்னு யாழையே உடைக்க ஓங்கிட்டார். சம்பந்தர் கையைப் பிடிச்சுத் தடுத்து, 'கருவியில எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியும், போதும்'னு சொன்னாராம். பண்ணுக்கே யாழ்மூரின்னு பேர் வந்துச்சு. இப்ப ஓதுவாருங்க அதை அடாணாவுல பாடுறாங்க.

ஏன் வரலை? அதை யோசி, மத்ததை அப்புறம் பார்க்கலாம். யாழ்ங்கிறது வீணை இல்லை. வீணையில ஒரே தந்தியில மெட்டு மெட்டா விரலை வச்சு, இழுத்து, வளைச்சு, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துபொந்தெல்லாம் போய்ட்டு வரலாம். யாழ் வில்லு மாதிரி, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு ஏழு. நரம்பை எத்தனை கூட்டினாலும் நின்ன இடத்துல நிக்கிற சுரம்தான் வரும். குரல் அப்படியா? வழுக்கும், நடுங்கும், ஏறி எறங்கும். அந்த அசைவுக்குத்தான் கமகம்னு பேர். உன் புத்தகத்துல 'கமகம் பத்து வகைப்படும்'னு போட்டு நீ அதுல எட்டை மறந்துட்டே, அதேதான். குரல் அசைஞ்சு அசைஞ்சு போனா, நின்ன இடத்துல நிக்கிற நரம்பு என்ன பண்ணும் பாவம்? என் கணக்கு இதுதான். ஈழத்துக் காரைதீவுல பொறந்த விபுலாநந்த அடிகள் இந்த யாழைப் பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி 'யாழ் நூல்'னு எழுதி, 1947ல நம்ம சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ல அரங்கேத்தினார். ஒரு வாத்தியம் காணாமப் போனதுக்கு அவ்வளவு பெரிய புத்தகம். ஒத்து காணாமப் போனதுக்கு யாராவது நாலு பக்கம் எழுதினா நான் காப்பி வாங்கித் தர்றேன்.

இப்ப அந்தப் பிரெஞ்சுப் பெட்டிக்கு வா. ஆர்மோனியத்துலயும் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தானே? யாழுக்கு வந்த வம்பு அதுக்கும் வந்துச்சு. கமகம் வராதுன்னு அகில இந்திய வானொலி 1940லேருந்து ஏறக்குறைய 30 வருஷம் அதை உள்ளேயே விடலை. தருமபுரத்துல ஒரு மனுஷன் யாழை உடைக்க ஓங்கினதும், டெல்லியில ஆபீசர் ஆர்மோனியத்துக்கு கேட்டைச் சாத்தினதும் ஒரே காரணத்துக்குத்தான். ஆனா பாணர் தன் வாத்தியத்தை ஓங்கினார். ஆபீசர் அடுத்தவன் வாத்தியத்தை. உலகத்துல இந்த ரெண்டு ஜாதிதான் பாப்பா.

வாத்தியப் பிரிவு கேப்பாங்களா? தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு. மிடறுன்னா தொண்டை. அதையும் கருவியில சேர்த்தவன் புத்திசாலி, வாங்கச் செலவில்லை. வெங்கலத் தாளம் கஞ்சக் கருவி. நீ சமையக்கட்டுல டம்ளரைப் போட்டு உருட்டுறதும் அந்த வகைதான். துளைக்கு நாயனத்தைச் சொல்லு. ஆடுதுறைக்குப் பக்கத்துல நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைவாங்க. விரலுக்கு ஏழு துளை, அடியில அஞ்சு துளை. அந்த அஞ்சை மெழுகு வச்சு அடைச்சு, திறந்து சுதியைச் சரி பண்றது. வாயில வைக்கிறது சீவாளி, காவிரிக் கரை நாணல். சீவாளியைப் பத்தி எழுதினா மார்க் உண்டு, அதை எச்சில்ல ஊற வச்சுப் பதம் பார்க்கிற கலைக்கு மார்க் கிடையாது. முன்னே இருந்தது திமிரி நாயனம், குட்டை, காதைக் குத்துற சுதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை நீட்டி, பாரி நாயனமாக்கி, சுதியை எறக்கினார். அதனாலதான் நாயனத்துக்குப் பக்கத்துல உக்காந்து இன்னிக்குப் பந்தியில பேச முடியுது. பேசத்தான் எல்லாரும் பயன்படுத்திக்கிறாங்க.

தோலுக்குத் தவில். பலா மரம். ஒரு கையில கழி, மறுகை விரல்ல எல்லாம் கெட்டியா ஒட்டிக் காயவச்ச கூடு மாட்டிக்குவாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு மருமகனைச் சொல்வாங்களே, மத்தளம் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ரெண்டு பக்கமும் இடி விழுந்தாத்தானே அதுக்குச் சொல்லே பிறக்குது.

தாளமா? 'சோத்துக்குத் தாளம் போடுறான்'னா பட்டினி கிடக்கிறான்னு அர்த்தம். எங்க மேளத்துல தாளம் போட்டவருக்குக் கொடுத்த கூலியைப் பார்த்தா அந்த வசவு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். ஆதி தாளம் போடு பார்ப்போம். ஒரு தட்டு. அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அது நாலு, லகு. அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒவ்வொரு தட்டு வீச்சும் ஒரு திருதம். ஆக நாலு, ரெண்டு, ரெண்டு, எட்டு. பாடுறவ எத்தனை வேகமாப் போனாலும் அந்தக் கை வேகத்தை மாத்தக்கூடாது. பாட்டு மேல மயக்கம் வந்து கை ஓடிச்சுன்னா அவ்வளவுதான். ஜால்ரா அடிக்கிறவன் யாருக்கும் தலையாட்டக் கூடாதுங்கிறதுதான் முத விதி, ஊர்ல அதைத் தலைகீழாத் திட்டுறாங்க. என்னையும் தாளக்காரரையும் ஒரு நாள் எடுத்துட்டுப் பார்க்கச் சொல்லு. நாயனக்காரர் பெரிய வித்வான், கால் மணி நேரம் சமாளிப்பார். அப்புறம் ச எங்கேன்னு அவருக்கே தெரியாது. வாத்தியார் உனக்குச் சொல்லாதது இது ஒண்ணுதான். பேர் இருக்கிற சுரம் எல்லாம் பேர் இல்லாத ஒரு சுரத்தை அளவா வச்சுத்தான் பேர் வாங்கிச்சு.

மிச்சம் இருக்கிறது வாக்கேயக்காரர். உடனே நாலு பக்கத்துக்குப் பொறந்த தேதியா? கேளு. தியாகராஜர் 1767, சியாமா சாஸ்திரி 1762, முத்துசுவாமி தீட்சிதர் 1775. மூணு பேரும் பொறந்தது திருவாரூர். அதைத்தான் எல்லாரும் எழுதுவாங்க. நீ நம்ம பக்கத்தை எழுது. இராம நாடகம் பாடின அருணாசலக் கவிராயர் பொறந்தது தில்லையாடி, சைக்கிள்ல போகலாம். நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதியார் பொறந்தது நரிமணம், அதுவும் சைக்கிள் தூரம்தான். எண்ணெய் எடுக்கிறாங்களேன்னு அந்த ஊரை உனக்குத் தெரியும், பாட்டு எடுத்த ஊர்னு தெரியாது.

பாரதியார் திருவையாத்துக்குத் தியாகராஜரைப் பார்க்கப் போனப்ப, உள்ளே சிஷ்யருங்க ஆபோகியில ஒரு கீர்த்தனை பாடிக்கிட்டிருந்தாங்களாம். 'நீங்க ஆபோகியில ஏதும் பண்ணியிருக்கீங்களா?'ன்னு தியாகராஜர் கேட்டாராம். பாரதியார் வாயைத் திறக்கலை. போய் ஒண்ணு பண்ணிக்கிட்டு வந்து பாடினார்னு சொல்வாங்க. ஆபோகியில ப-வும் கிடையாது, நி-யும் கிடையாது, அஞ்சே சுரம். கேள்விக்குப் பதில் பேச்சுல சொல்றவன் உங்க மாமா. பாட்டுல சொன்னவர் அவர்.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை வேற. நந்தனார் சரித்திரத்துக்குச் சாத்துகவி, அதான் பாராட்டுப் பாட்டு, வாங்க, மாயவரத்துல மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வீட்டுக்கு அவர் நடையா நடந்தார். பிள்ளை யாரு? இலக்கணக் கடல். உ.வே.சாமிநாதையருக்கே வாத்தியார். பாரதியார் பாட்டுல இலக்கணப் பிழை இருக்கு, சாத்துகவி எப்படிக் கொடுக்கிறதுன்னு சாக்குச் சொல்லிக்கிட்டே இருந்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருக்கார். பாரதியார் திண்ணையில உக்காந்து, காத்திருக்கிற நேரத்துக்குத் தன் பாட்டுல ஒண்ணை மெதுவாப் பாட ஆரம்பிச்சார். அவ்வளவுதான். உள்ளேருந்து வந்தவர் கண்ணுல தண்ணி. சாத்துகவி வந்துடுச்சு. புத்தகம் அச்சானது எப்படின்னு கேளு. 1860கள் தொடங்குறப்ப, நம்ம காரைக்கால்ல உத்தியோகம் பார்த்த ஒரு பிரெஞ்சு துரை அந்தக் கதையைக் கேட்டுச் சொக்கிப்போய்த் துணை நின்னார். தமிழ் இலக்கணக் கடலுக்குத் திண்ணையில உக்காந்து பாடிக் காட்ட வேண்டியிருந்துச்சு. பிரெஞ்சு துரை கேட்டதுமே விழுந்துட்டான். அவனுக்குப் பிழை தெரிஞ்சிருக்காது பாரு, அது ஒரு வசதி.

பெருமூச்சு விடாதே. எவ்வளவு ஆச்சு, ஏழு மணியா? உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டுக்கிட்டுப் பாடிப் பழகு. ஆமா, அந்தச் சுருதிப் பெட்டிதான். உள்ளங்கை அளவு பொட்டி, பிளக்கைச் சொருகினா மூச்சு வாங்காம ச-வும் ப-வும் பாடும். அது வந்தப்புறம்தான் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறது நின்னுச்சு. சாப்பாடு போட வேணாம், பஸ் செலவு இல்லை, வெத்தலை கேக்காது. நான் அதுமேல கோவப்படலை. என் சுரத்தைத்தானே அதுவும் ஊதுது, என் சம்பளத்துல கால்வாசி கூட இல்லாம.

என்ன சத்தம் நின்னுடுச்சு? கரண்ட் போச்சா? பேட்டரி போட்டு வைன்னு உங்க அப்பன்கிட்ட ஆறு மாசமாச் சொல்றேன். அங்கேருந்து ஏன் பார்க்கிறே? இப்படி வா, இருட்டுல தடுக்கி விழாதே. இரு, வெத்தலையைத் துப்பிட்டு வர்றேன்.

ம்ம்ம்... பிடிச்சுக்க. இதான் உன் அஞ்சு கட்டை, கீழ் ஸ்தாயியில. நீ உன் மாயாமாளவகௌளையை மேலேருந்து ஆரம்பி. நான் மூச்சு விட மாட்டேன், பயப்படாதே.

என்ன நிறுத்திட்டே?

'தாத்தா, நீங்க சுதி எறங்குறீங்க.'

எலிக்குட்டிக்குத் தெரிஞ்சுடுச்சே! 35 வருஷத்துல நாயனக்காரர் கூட இப்படிச் சொன்னதில்லை. பல்லு இருந்தப்ப எறங்கலை பாப்பா. சரி சரி, முறைக்காதே. மறுபடி ச-வுலேருந்து.